வலியைக் கவனித்தல்

ஒரு பால்மரத்தைச் சீவ அரை நிமிடம் போதும். ஆனால், ஒரு நாளில் சீவ வேண்டிய மரங்கள் 400, 500 இருக்கும். விடிவதற்கு முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏற வடிவது குறைந்துவிடும். ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று, முதுகை வளைத்து, கத்தியைப் பட்டையில் வைத்து, சரிவாக மெல்லிய சீவலை எடுக்க வேண்டும். கத்தி ஆழமாகப் போனால் மரம் காயப்படும்; மேலோட்டமாகப் போனால் பால் வராது. சீவி முடித்தாலும் வேலை முடியாது. மங்குகளில் சேர்ந்த பாலை வாளிகளில் ஊற்றி, காண்டாக் கம்பின் இரு முனைகளிலும் மாட்டி, தோளில் சுமந்துகொண்டு பால் கொட்டகைக்கு நடக்க வேண்டும்.

என் பாட்டி இந்த வேலையை 31 ஆண்டுகள் செய்தார். செபராங் பிறையின் தென்பகுதியில், நிபோங் தெபாலுக்கு அருகில் இருந்த ஒரு தோட்டத்தில் அவர் வாழ்ந்தார். அந்தத் தோட்டம் இப்போது இல்லை. ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. பிறகு செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதி வந்தது. பாட்டியின் முதுகுவலி மட்டும் எங்கும் போகவில்லை.

வேலையை விட்ட பிறகு வலி குறையும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். குறையவில்லை. இடுப்பில் தொடங்கி இடக்காலின் பின்பக்கம் வரை இறங்கும் வலி அது. காலையில் படுக்கையிலிருந்து எழவே பாட்டிக்குக் கால் மணி நேரம் பிடிக்கும். கோடாலித் தைலம் தேய்ப்பார். வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார். அதற்கும் அடங்காவிட்டால் மாத்திரை. ஊருக்கு அருகிலிருந்த ஒரு மருந்தகத்தில் ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பு தேய்ந்திருக்கிறது, இந்த வயதில் பலருக்கும் இப்படித்தான் இருக்கும் என்றார்கள். மற்றொரு மருந்தகத்தில் படத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு வலி இருக்க நியாயமே இல்லையே, அம்மா" என்று சொன்னார்கள்.

அந்த ஒரு வாக்கியம் பாட்டியை மிகவும் நோகச் செய்துவிட்டது. வலியைக் கண்ணால் காட்ட முடியாது. கை முறிந்தால் கட்டுப் போட்டிருக்கும். காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்க்கலாம். முதுகுவலிக்கு வலிக்கிறவருடைய சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லை. அந்தச் சொல்லை மற்றவர்கள் நம்பாவிட்டால் என்ன செய்வது? பாட்டி மெல்ல மெல்லப் பேசுவதையே குறைத்துக்கொண்டார். கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். உறவினர் வீட்டுத் திருமணங்களுக்கு, "நீங்க போயிட்டு வாங்க" என்று எங்களை அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவார். ஒரு நாள் அவருடைய தலையணைக்கு அடியில் மாத்திரை அட்டைகள் பலவற்றைக் கண்டேன். வலி மாத்திரைகளை மருத்துவரின் கண்காணிப்பு இல்லாமல் நீண்ட காலம் விழுங்கினால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகமும் கெடலாம். பாட்டிக்கு ஏற்கெனவே இரத்தக் கொதிப்பு உண்டு. அதன் பிறகுதான் நான் அவரை ஜார்ஜ் டவுனில் உள்ள என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். இங்குள்ள ஓர் அரசு மருத்துவமனையில், வலிக்கென்றே இருக்கும் பிரிவில் அவரைப் பார்க்க நாள் கிடைத்தது.

அங்கிருந்த மருத்துவர் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே பாட்டியைப் பார்த்து, "உங்களுக்கு வலிக்கிறது என்பதை நான் நம்புகிறேன்" என்றார். பாட்டி அழுதுவிட்டார். மருந்து எழுதுவதற்கு முன்பே பாதி வைத்தியம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அது மிகையான நினைப்புத்தான். ஆனாலும் வாசல் திறந்தது அங்கேதான்.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை மருத்துவர்கள் நாட்பட்ட வலி என்கிறார்கள். புதிதாக வரும் வலி ஓர் எச்சரிக்கை. சூடான சட்டியைத் தொட்டதும் கையை இழுத்துக்கொள்ளச் செய்வது அதுதான். நாட்பட்ட வலி பல நேரங்களில் வேறு மாதிரி. சில கார்களின் திருட்டு எச்சரிக்கை மணியைக் கேட்டிருப்பீர்கள். திருடன் வந்தால் அலற வேண்டிய மணி, பூனை ஒன்று மேலே குதித்தாலும் அலறும். நீண்ட நாள் வலியை அனுபவித்த நரம்பு மண்டலமும் அப்படிக் கூர்மையாகிவிடுவதுண்டு. தசையும் எலும்பும் ஓரளவு ஆறிய பிறகும் மணி ஓயாது. வலி பொய்யில்லை. மணி உண்மையாகவே அடிக்கிறது. அதை எவ்வளவு சத்தமாக அடிக்க விடுவது என்பதில்தான் மூளைக்கும் பங்கு இருக்கிறது.

இதை விளக்க ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு அறிஞர்கள் 1965ஆம் ஆண்டில் ஒரு கொள்கையை முன்வைத்தார்கள். முதுகுத்தண்டுவடத்தில் ஒரு வாயில் போன்ற அமைப்பு இருக்கிறது. உடலிலிருந்து வரும் வலிச் செய்திகள் அதைத் தாண்டித்தான் மூளைக்குப் போக வேண்டும் என்றார்கள். பினாங்குப் பாலத்தின் சுங்கச்சாவடியை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாத் தடங்களும் திறந்திருந்தால் வாகனங்கள் பாய்ந்து வரும். சில தடங்களை மூடினால் வேகம் குறையும். முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் நாம் உடனே தேய்த்துவிடுகிறோம் அல்லவா? தேய்க்கும்போது எழும் தொடு உணர்வு வலியின் தடத்தைக் கொஞ்சம் அடைக்கிறது. மேலிருந்து மூளையும் அந்த வாயிலைக் கட்டுப்படுத்தும். அச்சம், கவலை, தனிமை ஆகியவை அதை அகலத் திறக்கும். அந்தக் கொள்கையின் சில பகுதிகளைப் பிற்காலத்தவர் திருத்தியிருக்கிறார்கள். ஆனால், வலி என்பது உடலில் தொடங்கி மனத்தையும் கடந்து வரும் அனுபவம் என்ற அடிப்படை நிலைத்துவிட்டது.

பினாங்கில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு அலகு குத்திக் காவடி எடுத்துச் செல்பவர்களைச் சிறு வயது முதலே பார்த்து வருகிறோம். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளை அவர்கள் ஏறுகிறார்கள். அதே மனிதர் மறு வாரம் பல் மருத்துவரின் நாற்காலியில் ஊசிக்குப் பயந்து கண்ணை மூடிக்கொள்வார்! இரண்டாம் உலகப் போரின்போது இத்தாலியப் போர்முனையில் பணியாற்றிய ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மருத்துவரும் இதைப் போன்ற ஒன்றைக் கண்டார். கடுமையாகக் காயம்பட்டிருந்த வீரர்களிடம் வலி மருந்து வேண்டுமா என்று கேட்டபோது, ஏறத்தாழ நான்கில் மூவர் வேண்டாம் என்றார்கள். உயிர் பிழைத்தோம், இனிப் போர்முனைக்குத் திரும்ப வேண்டாம் என்ற நிம்மதி அவர்களின் வலியை மாற்றியிருக்கலாம் என்று பீச்சர் கருதினார். 1946ஆம் ஆண்டில் அவர் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். ஒரே காயம் எல்லாருக்கும் ஒரே அளவில் வலிப்பதில்லை.

பாட்டிக்கு அந்த மருத்துவர் மூன்று வழிகளைச் சொன்னார். மாத்திரைகளைக் குறைத்து முறைப்படுத்துவது. அன்றாடம் சிறிது சிறிதாக உடற்பயிற்சி செய்வது. மூன்றாவது, மனவிழிப்புத் தியானம். முதல் இரண்டுக்கும் தலையாட்டிய பாட்டி மூன்றாவதைக் கேட்டதும் என் பக்கம் திரும்பினார். "நான் என்ன சாமியாரா கண்ணு?" என்று மெல்லக் கேட்டார்.

மருத்துவமனைக்குள் இந்தத் தியானம் நுழைந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. ஜான் கபாட்-சின் என்பவர் அமெரிக்காவில் மூலக்கூறு உயிரியல் படித்தவர். 1979ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஒரு பயிற்சியைத் தொடங்கினார். மற்ற மருத்துவர்கள், இனி எங்களால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கைவிரித்த நோயாளிகளை என்னிடம் அனுப்புங்கள் என்று கேட்டார். அவர்களில் பலர் நாட்பட்ட வலியால் துன்பப்பட்டவர்கள். பௌத்தத் தியான மரபிலிருந்து கவனிக்கும் முறையை எடுத்துக்கொண்டார். சடங்கு, சமயம் எதையும் சேர்க்காமல் எட்டு வாரப் பயிற்சியாக அதை வகுத்தார். எந்தச் சமயத்தவரும் செய்யலாம் என்பதால் அது பல நாட்டு மருத்துவமனைகளுக்குப் பரவியது.

நமக்கு அருகிலேயே, பர்மாவிலும் ஒரு கதை உண்டு. மண்டலேயில் 1924ஆம் ஆண்டில் பிறந்த கோயங்கா என்ற இந்திய வணிகர் கடுமையான ஒற்றைத் தலைவலியால் வாடினார். பல நாட்டு மருத்துவர்களைப் பார்த்தும் குணமாகவில்லை. ரங்கூனில் ஊ பா கின் என்பவர் தியானம் கற்பிப்பதை அறிந்து அவரிடம் போனார். ஊ பா கின் அரசாங்கத்தில் தலைமைக் கணக்காளராக இருந்தவர். உடல் நோயைப் போக்குவதற்காக மட்டும் வருவதாக இருந்தால் வர வேண்டாம் என்று அவர் முதலில் சொல்லிவிட்டாராம். எனக்குப் பிடித்த செய்தி இதுதான். தலைவலி போக வேண்டும், போக வேண்டும் என்று பிடிவாதமாக உட்கார்ந்திருப்பவருக்கு இந்தத் தியானம் கைகூடுவது கடினம். கோயங்கா 1955ஆம் ஆண்டில் கற்றுக்கொண்டார். பின்னர் 1969இல் இந்தியாவுக்குச் சென்று பல்லாயிரம் பேருக்குக் கற்பித்தார்.

இந்தப் பயிற்சிக்கு மூலமான பாலி மொழிச் சொல் 'சதி'. விழிப்பு, நினைவு என்ற பொருள்களைக் கொண்டது. தமிழில் அதை அப்படியே சொன்னால் கேட்பவர் வேறு மாதிரி புரிந்துகொள்வார்! 'தியானம்' என்றாலோ பாட்டிக்குத் தாடி வைத்த முனிவர்தான் நினைவுக்கு வந்தார். ஆகவே, வீட்டில் நாங்கள் அதற்கு வைத்த பெயர் 'கவனிக்கிறது'.

பயிற்சி கொடுத்தவர் ஒரு மலாய்ப் பெண், இயன்மருத்துவ நிபுணர். பாட்டியை 'நெனெக்' என்று அன்பாக அழைப்பார். பாட்டிக்குத் தோட்டத்து மலாய் நன்றாக வரும் என்பதால் பாதிக்கு மேல் அவரே புரிந்துகொண்டார். 'தாரிக் நாபாஸ்' என்றால் மூச்சை இழு என்பதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. முதல் வாரம் ஆளுக்கொரு காய்ந்த திராட்சையைக் கையில் கொடுத்து, அதைப் பார்க்கவும், முகரவும், நாக்கில் வைத்து மெதுவாக மெல்லவும் சொன்னார். பாட்டி மென்றுகொண்டே, "ஒரு திராட்சைக்கு ஐஞ்சு நிமிசமா? பாயாசத்துல போட்டா விடிஞ்சிடுமே!" என்றார். உடனிருந்த சீன மூதாட்டி ஒருவருக்கு அதை மலாயில் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் அறையே கலகலத்தது.

அடுத்து, மல்லாந்து படுத்துக்கொண்டு உடலைக் கவனிக்கும் பயிற்சி. இடக்கால் கட்டைவிரலில் தொடங்கி, பாதம், கணுக்கால், முழங்கால் என்று கவனத்தை மெல்ல மேலே கொண்டுவர வேண்டும். எதையும் மாற்ற முயலக்கூடாது. சூடாக இருக்கிறதா, இறுக்கமாக இருக்கிறதா, துடிக்கிறதா, ஒன்றுமே தெரியவில்லையா என்று பார்த்தால் போதும். மனம் வேறெங்காவது ஓடிப்போகும். ஓடியது தெரிந்ததும் திட்டாமல் திரும்பக் கூட்டிவர வேண்டும். முதல் சில நாள்கள் பாட்டி முழங்காலைத் தாண்டுவதற்குள் குறட்டை விட்டார். பிறகு தூங்காமல் இருக்கக் கற்றபோது, கவனம் இடுப்புக்கு வந்ததும் பயந்து எழுந்துவிட்டார். ஆண்டுக்கணக்கில் எந்த இடத்தை நினைக்காமல் இருக்கப் பாடுபட்டாரோ, அந்த இடத்தையே போய்ப் பார் என்றால் யாருக்குத்தான் பயம் வராது?

மூன்றாம் வாரம் ஒரு மாலையில் பாட்டி தாமாகவே சொன்னார்: "இது மரம் சீவுற மாதிரிதான் கண்ணு. கத்தி எவ்வளவு ஆழத்துல போகுதுன்னு கண்ணு பார்க்காது, கைதான் பார்க்கும். கை வேற எங்கயாவது போச்சுன்னா மரம் காயமாயிடும். அந்த மாதிரி கவனிக்கணும், அவ்வளவுதானே?"

அவருக்குப் பயிற்சியின் நுட்பத்தை அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆழமாகவும் போகாமல், விலகியும் நிற்காமல் வலியைத் தொட்டுப் பார்க்க அவர் பழகினார். அப்போதுதான், தம் வலி ஒரே பாறாங்கல்லாக இல்லை என்பதைக் கண்டார். "சில நேரம் எரியுது, சில நேரம் குத்துது, நடுவுல கொஞ்ச நேரம் சும்மாவும் இருக்கு. சும்மா இருக்கிற நேரத்தை நான் இத்தனை வருசமா பார்த்ததே இல்ல" என்றார்.

பாலி நூல்களில் புத்தர் சொன்னதாக ஓர் உவமை உண்டு. ஒருவன் மீது ஓர் அம்பு பாய்கிறது. அது உடலின் வலி. அதை நினைத்து அவன் புலம்புவதும் கொதிப்பதும் இரண்டாவது அம்பு பாய்ந்ததைப் போன்றது. முதல் அம்பைத் தடுப்பது நம் கையில் இல்லாமல் போகலாம். இரண்டாவதன் கதை வேறு. பாட்டியின் இரண்டாவது அம்பு எது என்று எனக்குத் தெரியும். 'நாளைக்கு எழுந்திருக்க முடியாமல் போனால்? இவர்களுக்குப் பாரமாகிவிட்டால்? நான் நடிக்கிறேன் என்று நினைக்கிறார்களோ?' இரவு மூன்று மணிக்கு அவரை விழிக்க வைத்தவை இந்தக் கேள்விகள்தாம்.

எல்லாம் இனிமையாகவே போய்க்கொண்டிருந்தது என்று எழுதினால் அது உண்மையாகாது. ஐந்தாம் வாரம் பாட்டிக்குக் கோபம் வந்தது. மழை நாள், வலி அதிகம். பயிற்சிக்குப் போக மாட்டேன் என்றார். "எல்லாத்தையும் சுத்தி வளைச்சுப் பொறுத்துக்கோன்னுதானே சொல்றீங்க? அதைத்தான் முப்பது வருசமா செஞ்சேன். அதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. தோட்டத்தில் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுக்காவிட்டால் அன்றையக் கூலி இல்லை. முதுகு வலித்தாலும், கருவுற்றிருந்தாலும், காய்ச்சல் அடித்தாலும் போனவர்கள் அந்தத் தலைமுறைப் பெண்கள். அவர்களிடம் போய், 'வலியை ஏற்றுக்கொள்' என்று சொல்வது, ஏற்கெனவே சுமந்தவர் தோளில் இன்னொரு வாளியை மாட்டுவதைப் போன்றது. பளுவைக் குறைக்க வேண்டிய இடத்தில் பளுவைக் குறைக்க வேண்டும். வளைந்து செய்யும் வேலைக்கு நல்ல கருவி வேண்டும்; ஓய்வு வேண்டும்; மருத்துவர் வேண்டும். இவற்றுக்கெல்லாம் பதிலாகத் தியானத்தைக் காட்டுபவர்களை நான் நம்புவதில்லை.

ஆனால், பாட்டி செய்தது பொறுத்துக்கொள்வது. இங்கே கற்றது வேறு. பொறுத்துக்கொள்பவர் பல்லைக் கடித்துக்கொண்டு வலியைப் பார்க்காமல் இருப்பார். உடம்பு முழுவதும் இறுகும். இறுக்கம் வலியை மேலும் கூட்டும். கவனிப்பவர் வலியைப் பார்ப்பார்; வலி கூடுவதற்கு முன்பே கொடுக்கும் அறிகுறிகளையும் பார்ப்பார்; பார்த்து, வேலையை நிறுத்துவார். இயன்மருத்துவ நிபுணர் இதைத்தான் பாட்டியிடம் தொலைபேசியில் சொன்னார்: "நெனெக், வலித்தால் நிறுத்துவதும் பயிற்சிதான்." பாட்டி வாழ்நாளில் கேட்டிராத அனுமதி அது. மறு வாரம் போனார்.

இந்த முறை எவ்வளவு பயன் தருகிறது? 2016ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. நாட்பட்ட இடுப்புவலி உடைய 342 பேர் அதில் பங்கேற்றார்கள். மனவிழிப்புப் பயிற்சி பெற்றவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர், 26 வாரங்களுக்குப் பிறகு அன்றாட வேலைகளை முன்பைவிடக் குறிப்பிடத்தக்க அளவு நன்றாகச் செய்ய முடிந்தது என்றார்கள். வழக்கமான சிகிச்சையை மட்டும் பெற்றவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 44 விழுக்காட்டினர். சிந்தனைப் பழக்கங்களை மாற்றக் கற்பிக்கும் மற்றோர் உளவியல் பயிற்சியும் ஏறக்குறைய இதே அளவு பயன் தந்தது. இந்த எண்களை நிதானமாகப் படியுங்கள். உதவி பெறாதவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். மாயம் எதுவும் இல்லை. ஆனாலும், வலி இருக்கும்போதே வாழ்க்கையைக் கொஞ்சம் மீட்டுக்கொள்ள முடிகிறது.

நம் நாட்டிலும் இத்தகைய முயற்சிகள் உண்டு. சிலாங்கூரில் உள்ள சிலாயாங் மருத்துவமனையில் 2002ஆம் ஆண்டில் 'மெனாங்' என்ற பயிற்சி தொடங்கியது. மெனாங் என்றால் மலாயில் வெற்றி என்று பொருள். மருத்துவர் மேரி கார்டோசா அதில் முன்னின்றவர். அது தியானப் பயிற்சி அன்று. உளவியல் முறையை அடிப்படையாகக் கொண்டது. நாட்பட்ட வலி உடையவர்கள் குழுவாகச் சேர்ந்து, உடலைத் தளர்த்துவதையும் வேலையை அளவாகப் பிரித்துச் செய்வதையும் கற்றார்கள். பாட்டி கற்றதும் பெரும்பகுதி இதைப் போன்றதே.

நகரத்தில் இருந்ததால் பாட்டிக்கு இது கிடைத்தது. எட்டு வாரம், வாரம் ஒரு முறை மருத்துவமனைக்குப் போய் வருவது என் வீட்டிலிருந்து பத்து நிமிடப் பயணம். நிபோங் தெபாலிலிருந்து வர வேண்டுமானால் பட்டர்வொர்த்துக்குப் பேருந்து, அங்கிருந்து ஃபெரி, மறுபடியும் பேருந்து. இடுப்புவலிக்காரர் இடுப்புவலிச் சிகிச்சைக்கு வந்துசேர்வதற்குள் வலி இரட்டிப்பாகிவிடும். கூடவே வர ஒருவர் வேலைக்கு விடுப்பு எடுக்க வேண்டும். உடலை வருத்தி உழைப்பவர்கள் மிகுதியாக இருப்பது கிராமங்களிலும் தோட்டங்களிலும்தான். வலிக்கான சிறப்பு உதவி இருப்பதோ நகரத்தில். கேரளத்தில் இந்த இடைவெளியைக் குறைக்க ஒரு வழி கண்டார்கள். 1993ஆம் ஆண்டில் கோழிக்கோட்டில் வலி தணிப்புச் சிகிச்சைக்காக ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. பின்னர் அக்கம்பக்கத்தாரே தொண்டர்களாகப் பயிற்சி பெற்று, நோயாளிகளை வீடுகளுக்குச் சென்று பார்க்கும் அமைப்பாக அது கிராமங்களில் வேர்விட்டது. பெரும்பாலும் தீராத நோயாளிகளுக்கான சேவை அது. என்றாலும், பயிற்சி பெற்ற பக்கத்து வீட்டுக்காரர் மருத்துவருக்குத் துணையாக முடியும் என்பதை அது காட்டியது.

பாட்டி ஊருக்குத் திரும்பியதும் பக்கத்து வீட்டுக்காரராக மாறினார். செவ்வாய்க்கிழமை மாலைகளில், முன்பு அவருடன் மரம் சீவிய நான்கைந்து பெண்கள் அவர் வீட்டு ஐந்தடிக்கு வருகிறார்கள். பாய் விரித்துப் படுத்துக்கொண்டு கட்டைவிரலில் தொடங்குகிறார்கள். நடுவில் பேரப்பிள்ளைகள் ஓடுவார்கள். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் நாடகம் அலறும். அதையும் கவனியுங்கள் என்பார் பாட்டி. ஒரு முறை ஒரு பெண்மணி, தம் கால் சில நாள்களாக மரத்துப்போகிறது, செருப்பு கழன்று விழுவதுகூடத் தெரிவதில்லை என்றார். பாட்டி உடனே பாயைச் சுருட்டச் சொன்னார். "இது கவனிக்கிற வலி இல்ல, டாக்டர் பார்க்க வேண்டிய வலி" என்று கூறி, மறுநாளே அவருடைய மகனைக் கூப்பிட்டு மருத்துவமனைக்கு அனுப்பினார். நரம்பு நசுங்கியிருந்தது, அறுவைச் சிகிச்சை செய்தார்கள். புதிதாக வந்த வலி, மரத்துப்போதல், காய்ச்சலோடு வரும் வலி, காரணமின்றி உடல் மெலிவது ஆகியவற்றை முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று பயிற்சியின் முதல் நாளிலேயே சொல்லியிருந்தார்கள். பாட்டி அதை மறக்கவில்லை.

மருத்துவமனையில் வலிக்கு எண் கேட்பார்கள். பூச்சியம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாதது. முதல் நாள் பாட்டி எட்டு என்றார். கடைசியாகப் போனபோது ஆறு என்றார். இரண்டு எண்தானே குறைந்திருக்கிறது என்று நான் சற்று ஏமாற்றத்துடன் பார்த்தேன். பாட்டியோ மருத்துவரிடம் வேறு கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: மாத்திரை வாரத்துக்கு இரண்டுதான், இரவில் ஐந்து மணி நேரம் தூக்கம், பேத்தியின் திருமணத்தில் மூன்றாவது வரிசையில் நாற்காலி.

இந்த ஆண்டு கோயில் திருவிழாவின் அன்னதானத்துக்குக் காய்கறி நறுக்கப் பாட்டியும் போனார். தரையில் உட்கார முடியாது என்பதால் முக்காலி ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டுபோயிருந்தார். மேசை மேல் பலகை, கத்தி, அதன் பக்கத்தில் ஒரு சிறிய கடிகாரம். பூசணிக்காய் மலைபோல் குவிந்திருந்தது. இருபது நிமிடம் ஆனதும், கையில் இருந்த துண்டு பாதி நறுக்கியபடி இருக்க, கத்தியை அடுத்தவரிடம் நகர்த்திவிட்டு எழுந்தார். "எங்கே போறீங்க அக்கா, இன்னும் எவ்வளவு கிடக்கு!" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். "கோயிலை ஒரு சுத்து சுத்திட்டு வர்றேன், கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பாட்டி மெதுவாக நடக்கத் தொடங்கினார்.